பூஜைப் பேழையில் ஒரு வராகன்

திருப்பதியிலிருந்து சித்தூர் செல்லும் வழியில் உள்ளது சந்திரகிரிக் கோட்டை. அதனைத் தலைநகராகக் கொண்டிருந்த விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடபதி ராயர் (1586–1614) வெளியிட்ட பொன் வராகனின் ஒரு புறம் திருவாசியின் கீழ் வேங்கடவன் நிற்கிறான்; மறுபுறம் அவனை வணங்கும் நாகரி எழுத்துகள் உள்ளன. அத்தகைய பழங்காசு ஒன்று நம் இல்லப் பூஜைப் பேழையில் இருப்பின், அதன் மதிப்பை எவ்வாறு அறிவது?

முதலில் எடையைக் காண்போம். வராகன் ஏறத்தாழ 3.4 கிராம் இருக்கும். பெரிதும் குறைந்தால் போலியோ என ஐயுற வேண்டும். அடுத்து தேய்மானம். இறைவனின் முகம் போன்ற மேடான பகுதிகளே முதலில் தேயும். எழுத்துகள் காசுக்குள் முழுமையாக விழுந்துள்ளனவா என்பதையும் நோக்க வேண்டும். தாலிக்கொடியிலோ சங்கிலியிலோ கோக்க வளையம் பற்றவைத்த தடம் இருந்தால், சேகரிப்போரிடம் மதிப்பு குறையும்.

பழங்காசைப் புளியிட்டுத் துலக்குதல் கூடாது. அதனால் காசு பளபளக்கும். ஆனால் காலம் படிந்த மேற்பரப்பு மீளாது. ஓரங்களைப் பிடித்தே எடுத்து, தனி உறையில் வைப்போம்.

நூறாண்டு கடந்த காசு, 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் அதனை வெளிநாட்டிற்கு அனுப்பவியலாது.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. பழங்காசுக்குப் பெருந்தொகை தருவதாகக் கூறி, ரிசர்வ் வங்கியின் பெயரால் முன்கட்டணமோ வரியோ கேட்போர் உளர். அவ்வங்கி இத்தகைய வணிகத்தில் ஈடுபடுவதில்லை என்று 2021இல் அறிவித்துள்ளது. பணம் செலுத்துமுன் நம் வங்கிக் கிளையில் ஒருமுறை கேட்டறிவோம்.