ஜீவனாம்ச பாக்கியை வசூலிக்க என்ன வழி?

பிள்ளைக்கு மாதாமாதம் ஜீவனாம்சம் தரச்சொல்லி செகந்திராபாத் குடும்ப நீதிமன்றத்தில் உத்தரவு வாங்குவதே பெரும்பாடு. அதன்பிறகும் தகப்பன் தராவிட்டால், வசூலுக்கு மறுபடி மனுப் போட வேண்டியவளும் அந்தத் தாய்தான். இது அநியாயம். ஆனாலும் அவள் கையில் ஆயுதங்கள் இருக்கின்றன.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜீவனாம்சத்துக்கான 125ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தின் 144ஆவது பிரிவாகியிருக்கிறது. பாக்கியை அபராதம்போல வசூலிக்க நீதிமன்றம் வாரண்ட் பிறப்பிக்கலாம். அப்படியும் வராவிட்டால் ஒரு மாதம் வரை சிறை. உள்ளே போய் வந்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்று நினைக்கும் ஆண்கள் உண்டு. தீராது. சிறை, பணத்தைக் கொடுக்கவைக்கும் வழியே தவிர, கடனைக் கழிப்பதல்ல என்று 1989இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சிறையைவிடப் பலன் தருவது சம்பள ஜப்தி. ஜீவனாம்ச டிக்ரி என்றால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆவது பிரிவு சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் பாதுகாப்புத் தருகிறது, மீதியைப் பிடிக்கலாம். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 20ஆவது பிரிவின்படி, பணத்தை நேரே மனைவியிடம் கட்டும்படி முதலாளிக்கே நீதிபதி உத்தரவிடலாம்.

கண்டோன்மென்ட் ஊரான இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சிப்பாயின் சம்பளத்தை சிவில் நீதிமன்றம் ஜப்தி செய்ய 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டம் தடை விதிக்கிறது. ஆனால் அதே சட்டத்தின்படி, மனைவி, பிள்ளைகளின் பராமரிப்புக்காக ராணுவ அதிகாரிகளே அவர் சம்பளத்தில் பிடித்துக் கொடுக்கலாம். அங்கே மனுச் செய்ய வேண்டும்.

'எனக்கு வருமானமே இல்லை' என்ற பழைய பதிலுக்கு 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் கடிவாளம் போட்டது. ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் வந்த அந்தத் தீர்ப்பின்படி, இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் காட்டியாக வேண்டும். ஜீவனாம்சமும் மனுப் போட்ட தேதியிலிருந்தே கணக்காகும்.

பலர் கோட்டைவிடுவது கெடுவில்தான். தொகை தர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் வாரண்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஓராண்டு கடந்தாலும் உரிமை அழிவதில்லை, வேறு வழியில் வசூலிக்கலாம் என்று தமிழ்நாட்டு வழக்கொன்றில் 2013இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் அந்த வழி நீளமானது.

ஆகவே தாய்மார்களே, 'இந்த மாதம் தருவார், அடுத்த மாதம் தருவார்' என்று காத்திருக்காதீர்கள். வராத ஒவ்வொரு மாதத்தையும் தேதியோடு குறித்துவையுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வழக்கறிஞர் உதவி இலவசம். 15100 என்ற எண்ணில் சட்ட உதவி ஆணையத்தைக் கூப்பிடுங்கள்.