கிற்றாரும் ஒப்பாரியும்

கிற்றாரும் மேளமும் அதிரும் கிறிஸ்தவ 'றொக்' பாடல்கள் இன்று எமது பிள்ளைகளின் கைத்தொலைபேசிகளில் ஒலிக்கின்றன. 1969இல் அமெரிக்கரான லாரி நோர்மன் வெளியிட்ட இசைத்தட்டு இவற்றுக்கு முன்னோடிகளுள் ஒன்று. "இது பக்தியா, கூத்தா?" என்று பெரியோர் கேட்கின்றனர்.

வாத்தியத்தை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. திரும்பத் திரும்பப் பாடும் வரிகளே மனதில் விசுவாசமாக ஊறுகின்றன. ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்திருந்த காலத்தில், 1705இல் இலங்கைக்கு வந்தவர் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள். அவரது வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்தில் ஒப்பாரி போல இராகத்தோடு பாடப்பட்டு, எழுத்தறியாதவர் நெஞ்சிலும் கிறிஸ்துவின் பாடுகளைப் பதித்தது.

1990, 1991ஆம் ஆண்டுகளில் ஊர்காவற்றுறை, வேலணைப் பகுதிகளிலிருந்து இடம்பெயர்ந்த எம்மவரால் வயலையும் கிணற்றையும் தூக்கி வர முடியவில்லை. மனப்பாடமான பாட்டு மட்டும் கூடவே வந்தது.

புதிய பாடல்கள் பலவற்றில் மகிழ்ச்சியும் வெற்றியுமே பேசப்படுகின்றன. அவையும் தேவைதான். ஆனால் காணி இழந்தவருக்கு இறைவனிடம் அழுது முறையிடவும் ஒரு பாட்டு வேண்டும். அழத் தெரியாத விசுவாசம் துன்பநாளில் வாயடைத்துப் போகும்.

ஆகவே பிள்ளைகளின் கிற்றாரைப் பறிக்க வேண்டாம். வரும் தவக்காலத்தில் அவர்களை அருகில் இருத்தி, ஆச்சிமார் அந்த இராகத்தைச் சொல்லிக் கொடுக்கட்டும். அது கிற்றாரிலும் ஒலிக்கலாம்.