வழங்கி வன்பொருள் நிறுவனங்களின் ஒப்பீடு

வழங்கி என்பது பிற கணினிகளுக்குக் கோப்பு, மின்னஞ்சல், வலைப்பக்கம், தரவுத்தளம் போன்ற சேவைகளை இடைவிடாது அளிக்கும் கணினி ஆகும். மேசைக்கணினியைப் போலன்றி, இது பல ஆண்டுகள் இரவும் பகலும் அணைக்கப்படாமல் இயங்க வேண்டியது. ஆகவே வழங்கி வாங்கும்போது செயலியின் வேகத்துடன் நம்பகத்தன்மை, பராமரிப்பு ஆதரவு, விலை ஆகிய மூன்றும் ஒப்பிடப்படுகின்றன. எக்ஸ்86 வகை வழங்கிகளில் டெல், எச்பிஇ, லெனோவோ, சூப்பர்மைக்ரோ ஆகிய நிறுவனங்களின் கருவிகள் பரவலாகப் பயன்பாட்டில் உள்ளன.

முதன்மை நிறுவனங்கள்

எச்பிஇ: இதன் ப்ரோலயன்ட் வரிசை 1993-இல் காம்பாக் நிறுவனத்தால் தொடங்கப்பட்டது. 2002-இல் காம்பாக்கை ஹியூலட் பேக்கார்டு வாங்கியது. 2015 நவம்பரில் ஹியூலட் பேக்கார்டு இரண்டாகப் பிரிந்தபோது வழங்கி வணிகம் ஹியூலட் பேக்கார்டு எண்டர்பிரைஸ் வசம் சென்றது.

டெல்: 1984-இல் மைக்கேல் டெல் தொடங்கிய நிறுவனம். இதன் வழங்கிகள் பவர்எட்ஜ் என்னும் பெயரில் விற்கப்படுகின்றன.

லெனோவோ: ஐபிஎம் நிறுவனத்தின் எக்ஸ்86 வழங்கி வணிகத்தை 2014-இல் வாங்கியது. திங்க்சிஸ்டம் என்னும் வரிசைப் பெயர் 2017-இல் அறிமுகமானது. பவர் வழங்கிகளையும் பெருமுகக் கணினிகளையும் ஐபிஎம் தன்னிடமே வைத்துக்கொண்டது.

சூப்பர்மைக்ரோ: 1993-இல் கலிபோர்னியாவின் சான் ஹொசேயில் தொடங்கப்பட்டது. முழு வழங்கிகளுடன் தாய்ப்பலகை, பெட்டகம் போன்ற பாகங்களைத் தனித்தனியாகவும் விற்கிறது.

நம்பகத்தன்மை

இந்நிறுவனங்கள் அனைத்தும் செயலிகளை இன்டெல் அல்லது ஏஎம்டி நிறுவனத்திடமிருந்தும், நினைவகத்தையும் வட்டுகளையும் ஒருசில தயாரிப்பாளர்களிடமிருந்துமே பெறுகின்றன. எனவே பெட்டியின் மேலுள்ள பெயரைக் காட்டிலும் உள்ளிருக்கும் பாகத்தின் மாதிரியும் அதன் நிலைபொருளுமே பழுதைப் பெரிதும் தீர்மானிக்கின்றன.

இதற்கு எடுத்துக்காட்டாக 2019 நவம்பரில் எச்பிஇ வெளியிட்ட எச்சரிக்கையைக் குறிப்பிடலாம். அதன் சில எஸ்எஸ்டி வட்டுகள், நிலைபொருள் பிழை காரணமாக, 32,768 மணி நேரம் (3 ஆண்டு 270 நாள் 8 மணி) இயங்கியதும் செயலிழக்கும் என்றும், அதன் பின் தரவை மீட்க இயலாது என்றும் அறிவிக்கப்பட்டது. 2020-இல் 40,000 மணி நேரத்தில் செயலிழக்கும் வேறு சில வட்டுகள் பற்றிய எச்சரிக்கை வெளியானது. இம்முறை டெல் விற்ற வட்டுகளிலும் அதே வகைப் பிழை இருந்தது. வட்டுகளைத் தயாரித்தது இவ்விரு நிறுவனங்களும் அல்ல.

ஒரு வட்டு பழுதானாலும் தரவு இழக்காமல் இருக்கவே ரெய்டு அமைப்பு பயன்படுகிறது. ஆனால் ஒரே நாளில் இயக்கப்பட்ட வட்டுகள் ஒரே மணிக்கணக்கை எட்டும்போது அனைத்தும் ஏறத்தாழ ஒன்றாகவே நின்றுவிடக்கூடும். அந்நிலையில் ரெய்டு பயன்படாது. உரிய காலத்தில் நிலைபொருளை இற்றைப்படுத்துவதும், வேறிடத்தில் காப்புநகல் வைத்திருப்பதுமே தரவைக் காக்கும்.

நிறுவனங்களுக்கிடையே உள்ள உண்மையான வேறுபாடு பாகங்களைச் சோதித்துச் சான்றளிப்பதிலும், பழுதை முன்கூட்டியே அறிவிப்பதிலும் காணப்படுகிறது. டெல் நிறுவனத்தின் ஐடிராக், எச்பிஇ-யின் ஐஎல்ஓ, லெனோவோவின் எக்ஸ்கிளாரிட்டி ஆகியவை தொலைமேலாண்மைக் கருவிகள். இயக்குதளம் நின்றுவிட்டாலும் இவற்றின் மூலம் வெப்பநிலை, விசிறி, வட்டு ஆகியவற்றின் நிலையை அறியலாம். தொலைவிலிருந்து திரையைக் கையாளும் முழு வசதிக்கு டெல், எச்பிஇ ஆகியவற்றில் பொதுவாகத் தனி உரிமம் வாங்க வேண்டும். சூப்பர்மைக்ரோவில் அவ்வசதி பெரும்பாலும் கருவியுடனேயே கிடைக்கிறது.

பராமரிப்பு ஆதரவு

ஒப்பந்தங்களில் "அடுத்த வேலை நாள்", "4 மணி நேரம்" என்னும் சொற்கள் வழக்கமாக இடம்பெறும். இவை பெரும்பாலும் பணியாளர் வந்துசேரும் நேரத்தையே குறிக்கும், பழுது நீங்கும் நேரத்தை அல்ல. பழுதுநீக்க நேரத்துக்கு உறுதியளிக்கும் ஒப்பந்தம் தனி வகை. அதன் கட்டணம் அதிகம். "அடுத்த வேலை நாள்" ஒப்பந்தத்தில் வெள்ளி மாலை நின்ற வழங்கிக்குத் திங்கட்கிழமைதான் ஆள் வருவார். உதிரிபாகக் கிடங்கு தொலைவில் உள்ள ஊர்களில் 4 மணி நேர ஒப்பந்தமே கிடைக்காமல் போகலாம்.

சூப்பர்மைக்ரோ கருவிகள் பெரும்பாலும் விற்பனையாளர்கள் வழியாக வருவதால், ஆதரவின் தரம் அந்த விற்பனையாளரைப் பொறுத்தது.

நிலைபொருள் கிடைப்பதிலும் வேறுபாடு உண்டு. ப்ரோலயன்ட் வழங்கிகளின் சில நிலைபொருள் இற்றைகளைப் பெற, நடப்பிலுள்ள உத்தரவாதமோ ஆதரவு ஒப்பந்தமோ வேண்டும் என்ற விதி 2014 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. டெல், சூப்பர்மைக்ரோ ஆகியவை தம் பயாஸ் இற்றைகளைப் பொதுவாகத் தடையின்றி வழங்குகின்றன. பழைய வழங்கி வாங்குவோருக்கு இது முக்கியமானது.

விலை

பட்டியல் விலை பேரத்துக்கான தொடக்கமே ஆகும். எண்ணிக்கையைப் பொறுத்துத் தள்ளுபடி மாறும். வாங்கும் விலையுடன் பின்வருவனவும் சேர்த்துக் கணக்கிடப்பட வேண்டும்:

- உத்தரவாதக் காலம் முடிந்தபின் ஆதரவு நீட்டிப்புக் கட்டணம்
- தொலைமேலாண்மை உரிமம்
- நிறுவனமே விற்கும் நினைவகம், வட்டு ஆகியவற்றின் கூடுதல் விலை
- மின்சாரம், குளிரூட்டல்

சராசரியாக 300 வாட் எடுக்கும் வழங்கி ஓராண்டில் 2,628 யூனிட் மின்சாரம் செலவிடும். 5 ஆண்டுகளில் இது 13,140 யூனிட். குளிரூட்டலுக்கான செலவு இதில் சேராது.

பிற நிறுவன வட்டுகளைப் பொருத்த முடியுமா என்பதும் விலையைப் பாதிக்கும். டெல் தன் 11-ஆம் தலைமுறை வழங்கிகளின் ரெய்டு கட்டுப்படுத்திகளில் தான் சான்றளிக்காத வட்டுகளைத் தடுத்திருந்தது. வாடிக்கையாளர் எதிர்ப்பைத் தொடர்ந்து 2010-இல் அத்தடையை நீக்க முன்வந்தது.

பயன்பாட்டுக்கேற்ற தேர்வு

ஒன்றிரண்டு வழங்கிகளை மட்டும் வைத்திருக்கும் மருத்துவமனை, கூட்டுறவு வங்கி போன்ற இடங்களில் ஒரு கருவி நின்றாலே பணி முடங்கும். இங்கு உள்ளூரில் ஆளும் உதிரிபாகமும் கிடைக்கும் நிறுவனத்தைத் தேர்வது, சற்று விலை கூடினாலும், ஏற்றது.

நூற்றுக்கணக்கில் வழங்கிகளை இயக்குவோர் பழுதான கருவியின் பணியை மற்றொன்றுக்கு மென்பொருள் மூலம் மாற்றிவிடுவர். அவர்களுக்கு விலையுயர்ந்த ஒப்பந்தத்தைவிடக் கூடுதலாகச் சில வழங்கிகளை வாங்கிவைப்பதே சிக்கனமாகலாம். ஃபேஸ்புக் 2011-இல் தொடங்கிய திறந்த கணினித் திட்டம் இவ்வழியில் மேலும் சென்றது. இதில் வழங்கி வடிவமைப்புகள் வெளிப்படையாக வெளியிடப்படுகின்றன. பெரிய தரவு மையங்கள் தயாரிப்பாளர்களிடமே நேரடியாக அவற்றைச் செய்து வாங்குகின்றன.

எந்த நிறுவனத்தைத் தேர்ந்தாலும் இரட்டை பவர் சப்ளை, பிழைதிருத்தும் நினைவகம், கைவசம் ஓர் உதிரி வட்டு ஆகியவை அடிப்படைத் தேவைகளாகக் கருதப்படுகின்றன.