தென்னை மரத்தில் ஒரு கம்பி: கடல் தாண்டிப் போகுது பேச்சு!

மாரண்டஹள்ளியில் இருந்தும் "ஹாம்" ஆகலாம். லட்சம் தேவை இல்லை

மாரண்டஹள்ளி:

வீட்டுக்குப் பின்னால் இரண்டு தென்னை மரம் இருக்கிறதா? நடுவில் 66 அடிக்குக் கொஞ்சம் கூடுதலாக இடம் இருக்கிறதா? அப்படியானால் ஹாம் ரேடியோவில் பாதி வேலை முடிந்தது!

ஹாம் ரேடியோ என்றால், சொந்தமாகச் சின்ன வானொலி நிலையம் வைத்து, அதேபோல வைத்திருக்கும் மற்றவர்களோடு பேசுவது. பாட்டுப் போடக்கூடாது. வியாபாரம் பேசக்கூடாது. பாலக்கோடு மண்டியில் தக்காளி என்ன விலை என்று கேட்கவும் கூடாது. அதற்குத்தான் செல்போன் இருக்கிறதே!

"அதெல்லாம் பணக்காரப் புள்ளைங்க விளையாட்டு சார்" என்று டீக்கடை பெஞ்சில் சொல்லிவிடுவார்கள். அதிலும் நியாயம் உண்டு. ராஜீவ் காந்தி ஒரு ஹாம். கம்பெனி தயாரிப்பில் நல்ல செட் ஒன்று அரை லட்சத்தைத் தாண்டும். மளிகைக் கடையில் சம்பளம் வாங்குகிறவர் எங்கே போவார்?

குழாய் வாஷரில் ரேடியோ!

இதற்கு ஐதராபாத்காரர் அஷர் ஃபர்ஹான் ஒரு வழி காட்டினார். 2000-ம் ஆண்டுகளின் தொடக்கத்தில் "பிட்எக்ஸ்" என்ற செட்டை வடிவமைத்து, படத்தையும் விவரத்தையும் எல்லோருக்கும் இலவசமாகவே கொடுத்துவிட்டார்.

சாதாரண டிரான்சிஸ்டர், உதிரிக் கடையில் கிடைக்கும் சாமான்கள், ஒரு சால்டரிங் அயர்ன். விசேஷ காந்த வளையம் கிடைக்கவில்லையா? தண்ணீர்க் குழாய்க்குப் போடும் வாஷரில் செம்புக் கம்பியைச் சுற்றிக்கொள் என்றார்!

அதன் சக்தி ஏறக்குறைய 6 வாட். வீட்டில் எரியும் 9 வாட் பல்பைவிடக் கம்மி. அதுவே பல ஊர் தாண்டுகிறது. காரணம், மேலே இருக்கும் அயனி மண்டலம். கண்ணாடி வெளிச்சத்தைத் திருப்புவது போல அலையைப் பூமிக்கே திருப்பி அனுப்புகிறது. 7 மெகா ஹெர்ட்சில் பகலில் சில நூறு கிலோமீட்டர். ராத்திரியில் ஆயிரக்கணக்கில்கூடப் போகும்.

அந்த அலைவரிசைக்குத்தான் 66 அடிக் கணக்கு. எலக்ட்ரிகல் கடை ஒயரே போதும். நடுவில் வெட்டி, பக்கத்துக்கு 33 அடி. வெட்டிய இடத்தில் இருந்து கேபிள் டி.வி. ஒயர் ஒன்று வீட்டுக்குள் வரும்.

சீன வாக்கி டாக்கியும் சில ஆயிரத்துக்குக் கிடைக்கிறது. ஆனால் மலை குறுக்கே நின்றால் அதன் கதை முடிந்தது. நம்ம பக்கம் மலைக்கா பஞ்சம்?

பட்டனைத் தொடாதே!

செட் வந்ததும் பேச ஆரம்பிக்கிற பையன்கள் உண்டு. லைசென்சு இல்லாமல் பேசினால் குற்றம். செட்டும் போகும், கேசும் வரும்! மத்திய தொலைத்தொடர்புத் துறையின் பரீட்சை எழுத வேண்டும். 12 வயது நிரம்பினால் போதும். முதல் தரத்துக்கு ரேடியோ பாடமும் விதிமுறையும்தான். அடுத்த தரத்துக்கு நிமிஷத்துக்கு 8 வார்த்தை மோர்ஸ் தெரிய வேண்டும். தந்தி 2013-லேயே நின்றுபோச்சு, இவர்கள் விடவில்லை.

இத்தனை பாடு எதற்கு? 2004 டிசம்பரில் டெல்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணி, ஹாம் ரேடியோவில் பேசுவதற்காகவே போர்ட் பிளேர் போயிருந்தார். 26-ந் தேதி சுனாமி அடித்தது. டெலிபோன் செத்தது. "எங்க ஆளு உயிரோட இருக்காரா?" என்று தவித்தவர்களுக்கு அந்தமானில் இருந்து தகவல் வந்தது அவருடைய செட் மூலமாக!

ஒரு எச்சரிக்கை. மின்சார லைனுக்குப் பக்கத்தில் கம்பி இழுக்க வேண்டாம். அறுந்து விழுந்தால் ஆளே போய்விடுவான். ஐப்பசி இடி ஆரம்பிப்பதற்கு முன்பே ஏரியல் ஒயரைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுங்கள்.

காசே இல்லையா? பிற நாட்டு ஹாம்கள் தங்கள் ரிசீவரை இண்டர்நெட்டில் திறந்து வைத்திருக்கிறார்கள். இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் செல்போனில் கேட்டுப் பாருங்கள். முதலில் வாத்து கத்துவது போல இருக்கும். மெதுவாகத் திருப்புங்கள், மனுஷக் குரல் வரும்.