கனவு என்று தெரிந்தே கனவு காண

வண்டலூரில் விடியற்காலை நான்கு மணிக்கெல்லாம் பல வீடுகளில் விளக்கு எரிந்துவிடுகிறது. தாம்பரம் போய் முதல் ரயில்களைப் பிடிக்க வேண்டியவர்கள், மறைமலை நகர், ஒரகடம் தொழிற்சாலைகளின் காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் ஏற வேண்டியவர்கள் எழுந்து தயாராகிறார்கள். சிறுசேரியில் இரவுப் பணி முடித்தவர்கள் கேளம்பாக்கம் சாலை வழியாக அப்போதுதான் வீடு திரும்புகிறார்கள். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு, தென்மாவட்டப் பேருந்துகள் வந்து சேரும் நேரமும் இதுதான். மனித மூளை தன் நீளமான கனவுகளைக் காண்பதும் இதே நேரத்தில்தான். கனவுக்குள் விழித்துக்கொள்வது எப்படி என்று கேட்டு வரும் இளைஞர்களிடம் நான் முதலில் அவர்கள் எத்தனை மணிக்கு எழுகிறார்கள் என்றுதான் கேட்பேன்.

லூசிட் ட்ரீம், தமிழில் தெளிகனவு என்று சொல்லத்தக்க இந்த அனுபவம் எளிமையானது. கனவு ஓடிக்கொண்டிருக்கும்போதே, "இது கனவு" என்று கனவு காண்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. ஆனாலும் அவர் எழுந்துவிடுவதில்லை. சிலரால் அதன் பிறகு கனவின் போக்கை மாற்றவும் முடிகிறது, பறக்க முடிகிறது. சிலர் வெறுமனே சுற்றிப் பார்க்கிறார்கள். கட்டுப்பாடு கிடைக்காவிட்டால் அது தெளிகனவு இல்லை என்று பலர் நினைப்பது தவறு, தெரிந்துகொள்வதுதான் முக்கியம். இது அபூர்வ சித்தியும் இல்லை. ஐம்பது ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியான ஒரு கணக்கின்படி, சுமார் 55 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இது நேர்ந்திருக்கிறது; 23 சதவீதம் பேருக்கு மாதம் ஒருமுறையோ அதற்கு மேலோ நேர்கிறது.

ஆனால் இப்படி ஒன்று உண்டு என்பதையே அறிவியல் வெகுநாள் நம்பவில்லை. டச்சு மனநல மருத்துவர் ஃபிரெடெரிக் வான் ஈடன் 1913இல் தன் கனவுகளை வரிசைப்படுத்தி எழுதி, இந்த வகைக்குத்தான் 'லூசிட்' என்று பெயர் வைத்தார். சந்தேகப்பட்டவர்கள், அந்த மனிதர் சில நொடி விழித்திருப்பார், அரைத் தூக்கத்தில் எதையோ நினைத்துக்கொண்டிருப்பார் என்றார்கள். அதை மறுக்க அவரிடம் ஆதாரம் இல்லை. தூங்குகிறவர் எப்படிச் சாட்சி சொல்ல முடியும்?

அந்தச் சாட்சிக்கு வழி கண்களில் இருந்தது. 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் அசெரின்ஸ்கியும் கிளெயிட்மனும், உறக்கத்தின் ஒரு கட்டத்தில் மூடிய இமைகளுக்குள் கண்விழிகள் வேகமாக அசைவதைப் பதிவு செய்தார்கள். ரெம் உறக்கம் என்று இன்று நாம் சொல்வது அதைத்தான். தெளிவான, கதைபோல நீளும் கனவுகள் பெரும்பாலும் அந்தக் கட்டத்தில் வருகின்றன. அப்போது உடலின் தசைகள் செயலற்றுப் போய்விடும். இல்லாவிட்டால் கனவில் ஓடுகிறவர் கட்டிலிலிருந்து எழுந்து ஓடிவிடுவார். பிரான்ஸின் மிஷேல் ஜுவே, பூனைகளின் மூளைத் தண்டில் அந்தத் தடையை உண்டாக்கும் பகுதியைச் சேதப்படுத்தியபோது, அவை தூங்கியபடியே எழுந்து, இல்லாத இரையின் மீது பாய்ந்தன. வண்டலூர் உயிரியல் பூங்காவில் நண்பகல் வெயிலுக்கு ஒதுங்கித் தூங்கும் புலிக்கும் இதே ரெம் உறக்கம் உண்டு. அதன் மீசையும் பாத நுனியும் துடிப்பதை நின்று பார்க்கப் பொறுமை உள்ளவர்கள் பார்க்கலாம். உறக்கத்தின் இந்தத் தசை முடக்கத்துக்குக் கண்களை அசைக்கும் தசைகள் விலக்கு. அதோடு மூச்சுத் தசையான உதரவிதானமும்.

இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் பிடித்துக்கொண்டது இந்த விலக்கைத்தான். அடிக்கடி தெளிகனவு காணும் ஆலன் வோர்ஸ்லி என்பவரிடம், கனவு என்று தெரிந்த உடனே கண்ணை இடமும் வலமுமாக எட்டு முறை நகர்த்தச் சொல்லியிருந்தார். 1975 ஏப்ரல் 12 காலை, மூளை அலைகளும் தசைகளும் ரெம் உறக்கம் என்று காட்டிக்கொண்டிருந்த நேரத்தில், பதிவுத் தாளில் அந்தக் கண்ணசைவுகள் வந்தன. ஒரு மனிதன் தன் கனவுக்குள் இருந்து வெளியே அனுப்பிய முதல் சமிக்ஞை அது. எத்தனை முறை படித்தாலும் இந்த நிகழ்வு எனக்குச் சிலிர்ப்பைத் தருகிறது. ஹெர்னின் பணி அதிகம் பரவவில்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீஃபன் லபெர்ஜ் தனியாக இதே வழியைக் கண்டு 1981இல் வெளியிட்ட பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அவர் ஒருபடி மேலே போய், கனவில் இடக்கையையும் வலக்கையையும் மாற்றி மாற்றி இறுக்கி, மோர்ஸ் குறியீட்டில் தன் பெயரின் முதலெழுத்துகளையே அனுப்பினார். முன்கைத் தசையில் பதிந்த மெல்லிய துடிப்புகள் அதைக் காட்டின.

2021இல் இது உரையாடலாகவே ஆகிவிட்டது. அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து ஆகிய நாடுகளின் ஆய்வகங்கள் சேர்ந்து, தெளிகனவில் இருப்பவர்களிடம் வெளியிலிருந்து கேள்வி கேட்டன. எட்டிலிருந்து ஆறைக் கழித்தால் எத்தனை? தூங்கிக்கொண்டிருந்த ஓர் இளைஞர் கண்களை இருமுறை இடவலமாக அசைத்தார். 158 முறை கேட்டதில் 29 முறைதான் சரியான விடை வந்தது, பெரும்பாலான நேரம் பதிலே இல்லை. இருந்தாலும் தவறான விடைகள் மிகச் சிலவே.

நம் ஊர்ப் பக்கம் இந்த நாட்டம் மிகப் பழையது. பன்னிரண்டே மந்திரங்கள் கொண்ட மாண்டூக்ய உபநிடதம் நனவு, கனவு, ஆழ்ந்த உறக்கம், அதற்கப்பால் நான்காவது என்று நிலைகளைப் பிரிக்கிறது. சைவ சித்தாந்தம் சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம் என்று ஐந்து அவத்தைகளாக விரிக்கிறது. ஆனால் அவர்கள் தேடியது விடுதலையை. கனவில் பறப்பதை அல்ல. இரண்டையும் ஒன்றாக்கி, எல்லாம் நம் முன்னோர் சொன்னதுதான் என்று முடித்துக்கொள்வது அவர்களுக்கும் நியாயமில்லை, அறிவியலுக்கும் நியாயமில்லை. பயிற்சி அளவில் எனக்கு மிக நெருக்கமாகத் தெரிவது புதுச்சேரிதான். அரவிந்தர் ஆசிரமத்து அன்னை, மிர்ரா அல்ஃபாசா, பாரிஸில் இருந்த காலத்திலேயே, 1912இல், கனவுகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். வான் ஈடனுக்கு ஓராண்டு முன்னால்! பின்னாளில் ஆசிரமவாசிகளுக்கும் அவர் சொல்லிவந்த முறை ஒன்றுதான்: விழித்த உடனே புரளாதே, தலையைக்கூட அசைக்காதே; கடைசியாக நினைவில் நிற்கும் துணுக்கைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போ. இன்றைய ஆய்வாளர்கள் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லும் முதல் பாடமும் இதுவே.

ஏனென்றால், கனவே நினைவில் நிற்காதவருக்குத் தெளிகனவு வந்தாலும் பயனில்லை. தலைமாட்டில் ஒரு நோட்டும் பேனாவும் போதும். கைப்பேசி வேண்டாம், அதன் வெளிச்சமும் காத்திருக்கும் வாட்ஸ்அப் செய்திகளும் கனவை நொடியில் அழித்துவிடும். அசையாமல் நினைத்துப் பார்த்துவிட்டு, யார் வந்தார்கள், எந்த இடம், என்ன உணர்ச்சி என்று இரண்டு வரி எழுதலாம். சில வாரங்களில் அடிக்கடி திரும்பிவரும் சில காட்சிகள் தெரியவரும். தேர்வுக்குப் படிக்காமல் போய் நிற்பது, தவறவிட்ட ரயில், இறந்துபோன பாட்டி சமையலறையில் நிற்பது. ஒவ்வொருவருக்கும் இவை வேறு வேறு. கனவைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்கள் இவையே.

அடுத்தது பகல் சோதனை. கிள்ளிப் பார்ப்பது பயன்படாது, கனவிலும் வலிக்கலாம். எழுத்தைப் பார்ப்பது நல்லது. வண்டலூர் ரயில் நிலையத்தின் மஞ்சள் பலகையைப் படியுங்கள், பார்வையைத் திருப்புங்கள், மறுபடி படியுங்கள். நனவில் அது மாறாது. கனவில் இரண்டாம் முறை எழுத்து பெரும்பாலும் குழம்பிவிடும். மூக்கை விரல்களால் மூடிக்கொண்டு மூச்சிழுத்துப் பார்ப்பது இன்னொன்று; கனவில் காற்று தாராளமாக உள்ளே வரும். சடங்குபோலச் செய்தால் வீண். இப்போது நான் கனவில் இருக்கிறேனா என்று உண்மையாகவே சந்தேகப்பட வேண்டும்.

மூன்றாவதுதான் உயிரானது. ஏறத்தாழ ஐந்து மணி நேரம் தூங்கிய பிறகு எழுந்து, சில நிமிடம் விழித்திருந்து, கடைசியாகக் கண்ட கனவை நினைவில் கொண்டுவந்து, திரும்பப் படுக்கும்போது, "அடுத்த கனவு வரும்போது, அது கனவு என்று எனக்கு நினைவு வரும்" என்று பொருள் உணர்ந்து சொல்லிக்கொள்வது. அந்தக் கனவுக்குள் தான் விழித்துக்கொள்வதாகக் கற்பனையும் செய்ய வேண்டும். லபெர்ஜ் வகுத்த முறை இது. சாயங்காலம் வீடு திரும்பும் வழியில் மாவு வாங்க வேண்டும் என்று காலையில் நினைத்துக்கொள்கிறோமே, கடையைக் கண்டதும் அது தானாக நினைவுக்கு வருகிறதே, அந்த நினைவாற்றலைத்தான் இது பயன்படுத்துகிறது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் டென்ஹோம் ஆஸ்பி 2017இல் வெளியிட்ட ஆய்வில், பகல் சோதனை, இடையில் விழித்தெழுதல், இந்தச் சொல்லிக்கொள்ளல் மூன்றையும் ஒரு வாரம் சேர்த்துச் செய்தவர்களுக்கு 17 சதவீத முயற்சிகளில் தெளிகனவு கிடைத்தது. சொல்லி முடித்த ஐந்து நிமிடத்துக்குள் உறங்கிவிட்டவர்களுக்கு அது ஏறக்குறைய 46 சதவீதம். பகல் சோதனையை மட்டும் செய்தவர்களுக்குப் பெரிய பலனில்லை.

ஐந்து மணி நேரம் ஏன்? உறக்கம் சுமார் 90 நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. முன்னிரவுச் சுற்றுகளில் ஆழ்ந்த உறக்கம் அதிகம், ரெம் சில நிமிடங்களே. பின்னிரவுச் சுற்றுகளில் ரெம் நீண்டு, அரை மணி நேரத்துக்கு மேலும் போகும். பதினொன்றரைக்குப் படுத்து நாலரைக்கு எழுகிறவர் வெறும் இரண்டு மணி நேரத்தை இழக்கவில்லை. தன் ரெம் உறக்கத்தின் கணிசமான பங்கை இழக்கிறார். இணையத்தில் விற்கும் ஒளிரும் கண்பட்டைகளுக்கும் மாத்திரைகளுக்கும் பணம் செலவழிப்பதைவிட, வாரத்தில் சில இரவுகளாவது முழுதாகத் தூங்குவது கைகொடுக்கும். அலாரம் வைத்தே ஆக வேண்டியவர்கள் வார நாட்களில் இதை முயலவே வேண்டாம்.

முதன்முறை தெளிகனவு வரும்போது மகிழ்ச்சி தாங்காமல் பெரும்பாலோர் விழித்துவிடுவார்கள். பதறாமல், கனவிலேயே உள்ளங்கைகளைத் தேய்த்து, கையையோ தரையையோ உற்றுக் கவனித்தால் கனவு சிறிது நேரம் நிலைக்கும். விழிக்கும் தறுவாயில் தசை முடக்கம் மட்டும் விலகாமல் நின்று, மார்பில் யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல் இருக்கலாம். ஊரில் அமுக்குவான் பேய் என்பார்கள். அது பேய் இல்லை, ரெம் உறக்கத்தின் மிச்சம். ஓரிரு நிமிடத்தில் விலகும். மூச்சைக் கவனித்தபடி விரல் நுனியை அசைக்க முயன்றால் போதும்.

இதனால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு: கெட்ட கனவுகளால் அவதிப்படுபவர்களுக்கு இப்பயிற்சி உதவுவதாகச் சிறிய ஆய்வுகள் காட்டுகின்றன. ஜெர்மன் மொழி பேசும் நாடுகளின் ஆய்வாளர்கள் எர்லாகரும் ஷ்ரெட்லும் 2010இல், தெளிகனவில் ஒரு கோப்பைக்குள் காசு எறிந்து பழகியவர்கள் காலையில் எழுந்து நிஜமாக எறிந்தபோது முன்னைவிடச் சரியாக எறிந்ததைக் கண்டார்கள். எனக்கோ, இந்தப் பயன்கள் எதுவும் இல்லாவிட்டாலும், நம் மனம் ஓர் உலகத்தையே வெளியார் உதவியின்றிக் கட்டி நிறுத்துவதை உள்ளிருந்து பார்ப்பதே போதும்.

யாருக்கு இது கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். நனவும் கனவும் கலந்துபோகும் மனநோய் முன்பு இருந்தவர்கள், இருமுனைக் கோளாறுக்குச் சிகிச்சை பெறுபவர்கள், தூக்கமின்மையால் வாடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. நடு இரவில் எழும் பழக்கத்தைத் தினமும் வைத்துக்கொண்டால் பகலில் அதன் விலை தெரியும். வண்டி ஓட்டுபவர்கள், இயந்திரத்தில் நிற்பவர்கள் இதை மறக்கக் கூடாது. கேலண்டமைன் என்ற மருந்தைச் சிலர் இணையத்தில் பரிந்துரைக்கிறார்கள். அது அல்சைமர் நோயாளிகளுக்கு மருத்துவர் எழுதித் தரும் மருந்து. விட்டுவிடுங்கள்.

ஞாயிறு காலை எங்கும் போக வேண்டியதில்லை என்றால், சனி இரவு பத்து மணிக்குப் படுத்துவிடுங்கள். தலைமாட்டில் நோட்டு இருக்கட்டும். விழித்ததும் எழுந்துவிடாமல் அசையாமல் கிடந்து, கண்ட கனவைக் கடைசியிலிருந்து முதலுக்கு மீட்டுப் பாருங்கள். முதல் சில வாரங்களுக்கு இது மட்டும் போதும். வீட்டில் இருப்பவர்களே, அந்த ஒரு காலையாவது இதை முயல்பவரை எழுப்பாமல் விடுங்கள்.