தேரி மணலில் புராதன மனிதர்

சென்னையில் மயிலாப்பூர், அடையாறு பக்கத்துக் கடற்கரையைக் கண்டு பழகியவர்களுக்கு மணல் வெளிறிய நிறமுடையது. தூத்துக்குடி ஜில்லாவில் சாயர்புரம், மெய்ஞ்ஞானபுரம், குதிரைமொழி முதலிய இடங்களிலுள்ள தேரி மணலோ செக்கச் சிவந்தது. கோடைக் காற்று கிளம்பினால் அது இடம்விட்டு இடம் பெயரும். பாலைவனம் என்றே கூறத் தகாதெனினும், பனையும் உடையும் தவிர மற்றவை எளிதில் பிழைக்காத இப்பூமியில் புராதன மனிதர் வாழ்ந்தனர் என்பதற்குத் தக்க சான்று உண்டு.

காற்று மணலைச் சுமக்குமேயன்றிக் கல்லைச் சுமக்காது. ஆகவே தேரியில் கிடக்கும் கற்சில்லு மனிதன் கொண்டுவந்ததே. சாயர்புரத்துக் கற்கருவிகளைக் குறித்து ஏ. ஐயப்பன் 1945-ல் எழுதினார். பின்னர் ஸாய்னர், பிரிட்ஜெட் ஆல்சின் என்னும் இருவர் பல தேரிகளை ஆராய்ந்து 1956-ல் விவரம் வெளியிட்டனர். வெங்கச்சங்கல்லிலும் சிக்கிமுக்கி இனத்துக் கல்லிலும் செய்த பிறை வடிவச் சில்லுகள், அம்பு முனைகள், சுரண்டிகள் ஆகியவை அங்கே கிடைத்தன. அவற்றுட் பல விரற்கடை அளவினவே. இத்தகைய சில்லுகளை மரப்பிடியில் பதித்து வழங்குவர்; ஒன்று முறிந்தால் அதைமட்டும் மாற்றினாற் போதும். கல்லைத் தூரத்திலிருந்து சுமக்கவேண்டிய இடத்தில் இது எத்துணைச் சிக்கனம் என்பதைக் குடியானவர்களுக்கு விளக்கவேண்டுவதில்லை.

தண்ணீருக்கு என் செய்தனர்? தேரி மழையைக் குடித்து, ஓரத்துத் தாழ்விடங்களில் ஊற்றாகக் கசியவிடும். திருச்செந்தூருக்கருகே அருஞ்சுனை காத்த அய்யனார் கோவில் சுனையை நேயர்களிற் பலர் கண்டிருப்பர். நல்ல தண்ணீர் ஒருபுறம், கடலோரக் கழிகளில் மீன் மறுபுறம் இருக்க, மணல் மேடு அவர்களுக்குத் தங்குமிடமாயிற்று. அவர்களை மீன்பிடித்து வாழ்ந்தவர்களென்றே மேற்சொன்ன இருவரும் கருதினர். வடக்கே ராஜஸ்தானத்துத் தார்ப் பிரதேசத்தில், காடோடி என்னுமிடத்தில், ஏறத்தாழ 96,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட கருவிகள் 2013-ல் அறிவிக்கப்பட்டன. அங்கும் மழை கூடுதலாகப் பெய்த காலத்திலேயே மனிதர் தங்கினர்.

கருவிகள் மேலே பெயரும் மணலுக்குரியவையல்ல. அதனடியில் இறுகிக் கிடக்கும் பழைய செம்படுகைக்குரியவை. அவற்றின் காலத்தை அப்படுகையைக்கொண்டே நிர்ணயிக்கவேண்டும். நிலத்தைச் சமன்செய்ய யந்திரத்தால் வாரினாலும், வண்டிமண்ணுக்காக வெட்டினாலும், கல் கைக்குக் கிட்டலாம். அதன் காலம் கிட்டாது. ஆகையால் தேரியோரத்து நிலக்காரர்கள் கூரிய சில்லுகளைக் காணின், பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுபோகாமல் கிடந்தவாறே விட்டு, சர்வே நம்பரைக் குறித்துக் கிராம நிர்வாக அலுவலரிடம் தெரிவிக்கவும். அவர் தாசில்தார் வழியாகத் தொல்லியல் துறைக்கு எழுதும்வரை அவ்விடத்தில் வெட்டுவதை நிறுத்திவைத்தல் நலம்.