கடன் அட்டை: குறைந்தபட்சத் தொகையை மட்டும் செலுத்துவது ஏன் ஆபத்து?

கடன் அட்டை நிலுவையில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் மாதந்தோறும் செலுத்திவிட்டு, கடன் அடைந்து வருவதாக எண்ணுவது பலரிடம் காணப்படும் தவறான பழக்கமாகும். இதனால் தாமதக் கட்டணம் மட்டுமே தவிர்க்கப்படும், வட்டி தொடரும்.

எடுத்துக்காட்டாக, நிலுவை ரூ.50,000, குறைந்தபட்சத் தொகை 5 சதவீதம் (ரூ.2,500) எனக் கொள்வோம். மாத வட்டி 3.5 சதவீதம் எனில், வட்டி ரூ.1,750, அதன் மீதான 18 சதவீத ஜிஎஸ்டி ரூ.315. ஆக, ரூ.2,500 செலுத்தியும் கடன் குறைவது ரூ.435 மட்டுமே.

மேலும், முழு நிலுவையையும் செலுத்தும் வரை, புதிதாக வாங்கும் பொருள்களுக்கு வட்டியில்லாக் காலச் சலுகை கிடைக்காது; வாங்கிய நாள் முதலே வட்டி கணக்கிடப்படும்.

கடன் அட்டை வட்டிக்கு ஆண்டுக்கு 30 சதவீத உச்சவரம்பு விதித்த தேசிய நுகர்வோர் ஆணையத்தின் 2008-ஆம் ஆண்டு உத்தரவை, உச்சநீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்தது. குறைந்தபட்சத் தொகையை மட்டும் செலுத்தினால் கடன் ஆண்டுக்கணக்கில் நீளும் என்ற எச்சரிக்கை மாதாந்திர அறிக்கையில் இடம்பெற வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

முழுத் தொகையைச் செலுத்த இயலாதோர், முதலில் அட்டையில் புதிய செலவுகளை நிறுத்த வேண்டும். பின்னர், குறைந்த வட்டியில் தனிநபர் கடனோ நகைக்கடனோ பெற்று நிலுவையை அடைப்பது சுமையைக் குறைக்கும்.